சொந்த மண்ணும் நாவலாசிரியரும்



எழுத விரும்பும் இளைஞருட் பலர் தம் ஊரைச் சிறியதென்றும், தம் வீட்டுப் பேச்சைக் கொச்சையென்றும் கருதி ஒதுக்கிவிடுகின்றனர். கிளியூர் அருவிக்கு அருகே, சேர்வராயன் மலையில் வாழும் நான் இதனை அடிக்கடி காண்கின்றேன். இங்குப் பிறந்த பிள்ளைகளும் கட்டுரை எழுத அமர்ந்தால், கண்ணெதிரே உள்ள காப்பித் தோட்டத்தை விடுத்துக் காணாத கடற்கரையை வருணிக்கின்றனர். இக்கூச்சம் நீங்குதற்கு இரு நாவலாசிரியர்களின் வாழ்க்கை நமக்குத் துணை செய்யும்.

ஒருவர் அமெரிக்கரான வில்லியம் பாக்னர். 1897இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த அவர், உயர்நிலைப் பள்ளிப் படிப்பையும் முடித்தாரல்லர். சில காலம் அஞ்சலகத்தில் பணி புரிந்தார். 1926இலும் 1927இலும் அவர் வெளியிட்ட முதலிரு நாவல்கள் அவருக்குப் பெரும் புகழ் தரவில்லை. பின்னரே தம் சொந்த வட்டாரத்தின்பால் திரும்பினார். அதற்குக் கற்பனைப் பெயரொன்று சூட்டி, அங்குள்ள வெள்ளையர், கறுப்பினத்தவர், நிலமிழந்த குடும்பத்தார் ஆகியோரின் கதைகளை நாவல் நாவலாக எழுதினார். பணமுடை தீரத் திரைப்படங்களுக்கும் எழுத நேர்ந்தது. 1949ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவரை அடைந்தது. 1962இல் அவர் மறைந்தார்.

மற்றவர் நம் கொங்கு நாட்டு ஆர். சண்முகசுந்தரம். தாராபுரத்தை அடுத்த கீரனூரில் 1917இல் பிறந்தவர், 'மணிக்கொடி'யில் எழுதியவர். 1942இல் வெளிவந்த அவரது 'நாகம்மா'ளைத் தமிழின் முதல் வட்டார நாவல் என்பர் பலர். கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பனிடம் தன் பங்கு நிலத்தைப் பிரித்துத் தரக் கேட்கிறாள். அக்கேள்வி கொலையில் முடிகிறது. கதை இவ்வளவே. ஆயினும், நிலம் ஒரு பெண்ணுக்கு வாழ்வா, கௌரவமா, உரிமையா என்னும் வினா அதனுள் எரிகின்றது. பாத்திரங்களைக் கொங்குத் தமிழிலேயே அவர் பேசவிட்டார். வழக்குச் சொல்லை மாற்றினால் அந்தக் கோபமும் மாறிவிடும் என்பதைப் படிப்போர் உணர்வர். வங்க நாவல்கள் பலவற்றைத் தமிழாக்கியதும் அவர் பணியே. 1977இல் அவர் காலமானார்.

ஊர்க்கதை பிற நாட்டாருக்கும் பொருந்துவது எவ்வாறு? பாகப்பிரிவினை, பசி, மானம் ஆகியவை எங்கும் உண்டு. ஆனால் அவை பொதுவாக நிகழ்வதில்லை. ஒரு வரப்பில், ஒரு வாசலில், ஒருவர் சொல்லும் ஒரு சொல்லில் நிகழ்கின்றன. அவ்விடத்தைத் துல்லியமாகக் காட்டினால், எந்நாட்டு வாசகரும் தம் வரப்பை அதில் கண்டுகொள்வர்.

ஆதலின், நண்பர்களே, உங்கள் பாட்டியின் பேச்சைக் கூர்ந்து கேளுங்கள். கேட்டதைத் திருத்தாமல் எழுதுங்கள். வழக்குச் சொற்கள் பேசுவோருடன் மறைந்து போகின்றன. அவற்றைக் காக்க வல்லவர் அவ்வீட்டில் பிறந்த நீங்களே.