மன்னார் கரைக்கு வந்து சேர்ந்த பிளாஸ்டிக் மணிகள்

மன்னாரில் யாரும் அந்தப் பிளாஸ்டிக்கை வாங்கவில்லை, பாவிக்கவில்லை, எறியவுமில்லை. 2025 மே 25ஆம் திகதி, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கேரளக் கரைக்கு அப்பால் 640 கொள்கலன்களுடன் மூழ்கியது. சில கொள்கலன்களில் இருந்தவை பிளாஸ்டிக் மணிகள். பொலித்தீன் நீரைவிட இலேசு என்பதால் அவை தாழவில்லை. சோளகக் காற்றும் அந்தப் பருவத்து நீரோட்டமும் அவற்றைக் கன்னியாகுமரியைச் சுற்றித் தள்ளிவந்தன. ஜூன் மாதத்திலேயே தனுஷ்கோடியிலும் மன்னார் உட்பட இலங்கையின் வடக்குக் கரைகளிலும் வெள்ளை மணிகள் ஒதுங்கிவிட்டன.

பருப்பளவு, அதாவது 2 முதல் 5 மில்லிமீற்றர் வரையிலான இந்த மணிகள்தான் பிளாஸ்டிக் தொழிலின் மூலப்பொருள். வாளி, கதிரை, தண்ணீர்க் குழாய், ஷொப்பிங் பை எல்லாம் இவற்றை உருக்கித்தான் செய்யப்படுகின்றன. கடலில் கிடக்கும்போது நீரிலுள்ள நச்சு இரசாயனங்களைத் தம்மேல் ஏற்றிக்கொள்ளும். மீன்களும் பறவைகளும் இவற்றை முட்டையென்று நம்பி விழுங்கும். 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலைப் பறவைகள் சரணாலயம் இதே கரையில்தான் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டுப் பிளாஸ்டிக்கே வேண்டாம் என்று சொல்வது கடற்கரையில் குடியில்லாதவர்களுக்கு எளிது. பேசாலையிலோ தாழ்வுபாட்டிலோ ஒரு வாடிக்குள் போய்ப் பாருங்கள்: நைலோன் வலை, அதன் மிதப்பு, கயிறு, கண்ணாடியிழைப் படகு, ஐஸ் போடும் ரெஜிபோம் பெட்டி, குடிதண்ணீர்க் கான். பருத்தி நூல் வலைக் காலத்தில் தொழில் முடிந்து வந்தாலும் வேலை முடியாது. வலையைக் காயவைக்க வேண்டும், அடிக்கடி பட்டைச் சாயத்தில் தோய்க்க வேண்டும், இல்லாவிட்டால் உக்கிப்போகும். அந்தப் பாட்டை ஒழித்தது நைலோன். பனையோலைப் பறிக்குத் திரும்புங்கள் என்று கொழும்பிலிருந்து புத்தி சொல்பவர் ஒருநாள் வலை இழுத்துப் பார்க்கட்டும்.

ஆனால் உக்காத அந்தக் குணமே மறுபக்கத்தில் வினையாகிறது. அறுந்து கடலில் தொலைந்த வலை, பார்க்க ஆளில்லாமலே மீனையும் நண்டையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருக்கும். சட்டம் தடைசெய்த தங்கூசி வலை இதில் இன்னும் மோசம். இழை தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது. பல வருடம் உழைக்கும் வலைக்கும் படகுக்கும் வேண்டியது தடையல்ல. பழையதைத் திரும்ப எடுக்க ஓர் இடமும், எடுத்துவருபவருக்கு ஒரு விலையும். சோற்றைச் சுற்றி, பத்து நிமிடத்தில் எறியும் லஞ்ச் சீற் வேறு வகை. மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்த 2017ஆம் ஆண்டின் செப்டெம்பரிலேயே அதற்கும் ரெஜிபோம் சோற்றுப் பெட்டிக்கும் இலங்கை தடை போட்டது. 2023 ஒக்டோபரில் ஸ்ட்ரோவும் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும் பட்டியலில் சேர்ந்தன. 2025 நவம்பரிலிருந்து கடைக்காரர் ஷொப்பிங் பையை இலவசமாகத் தரக்கூடாது.

இந்தச் சட்டங்களில் எதுவும் மணிகளைத் தொடாது. அவை கடையில் விற்கும் பொருளல்ல, கப்பல் சரக்கு. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தபோது ஏறக்குறைய 1,680 தொன் மணிகள் அதில் இருந்தன. அதற்குப் பிறகு சர்வதேசக் கடல்சார் அமைப்பில் விவாதம் எழுந்து, மணிகளை உறுதியான பொதியில் கட்ட வேண்டும், கொள்கலனில் இருப்பதைத் தெரிவிக்க வேண்டும், முடிந்தவரை கீழ்த்தளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2024இல் பரிந்துரைகள் வந்தன. பரிந்துரைகள்தான், கட்டாயமல்ல. ஓராண்டு கழித்து எல்சா 3 மூழ்கியது. அதே 2025இன் ஜூலையில் எக்ஸ்பிரஸ் பேர்ள் தரப்பு 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வர நான்கு வருடம்; கேரளத்து மணிகள் மன்னாருக்கு வர மூன்று வாரம்கூடப் பிடிக்கவில்லை.

ஒதுங்கிய மணிகளை அள்ளுவதில் நேரம் முக்கியம். அலை கடைசியாகத் தொட்ட கோட்டில் அவை படிந்திருக்கும்போதே கையுறை போட்டு அள்ளி, சல்லடையில் மணலைப் பிரித்து, சாதாரணக் குப்பையோடு கலக்காமல் தனிச் சாக்கில் கட்டி ஒப்படைக்க வேண்டும். எரிக்கக் கூடாது, புகையும் நஞ்சு. அடுத்த பெரிய கடற்பெருக்கு வந்துவிட்டால் அவை மணலுக்கடியில் போய்விடும், பிறகு சல்லடைக்கும் அகப்படாது.