சாலை போட்டால் எத்தனை பேருக்கு வேலை?

நெடுஞ்சாலைக்கு இத்தனை கோடி, அதனால் இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை என்று அறிவிப்பு வருகிறது. கோடிக்குக் கணக்கு இருக்கும். வேலையை யார் எண்ணியது?

தார் ஊற்றுபவர்களை நேரில் போய் எண்ணிவிடலாம். அவர்களுக்குப் பின்னால் ஜல்லி உடைக்கும் கிரஷர், சிமென்ட் ஆலை, லாரி ஓட்டுநர் என்று வரிசை நீள்கிறது. இவர்கள் கூலியைச் செலவழிக்கும் மளிகைக் கடைக்காரரும் வரிசையில் சேர்த்தி. இப்படியே போனால் முடிவேது? முடிவு உண்டு என்று 1931இல் காட்டினார் கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் ரிச்சர்ட் கான். கைமாறும் ஒவ்வொரு முறையும் பணத்தில் ஒரு பகுதி சேமிப்பாகவோ இறக்குமதியாகவோ கசிந்துவிடும். ஆகவே கூட்டுத்தொகை ஓரிடத்தில் நின்றுவிடும். பிறகு வசிலி லியோன்டீஃப், எந்தத் தொழில் எந்தத் தொழிலிடம் எவ்வளவு வாங்குகிறது என்று அட்டவணையே போட்டு, 1973இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

அழகான கணக்குதான். ஆனால் சாலை வராவிட்டால் அந்த லாரி ஓட்டுநர் சும்மாவா இருந்திருப்பார் என்று அட்டவணையைக் கேட்டால் பதில் வராது.

அமெரிக்காவின் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளை ஆராய்ந்த அமிதாப் சந்திராவும் எரிக் தாம்சனும் 2000இல் வெளியிட்ட முடிவு சங்கடமானது. பெருநகரங்களுக்கு வெளியே, சாலை ஊடுருவிய மாவட்டங்களில் தொழில் பெருகியது. ஒட்டியிருந்த மாவட்டங்களில் குறைந்தது. கூட்டிக் கழித்தால் மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. தொழில் புதிதாகப் பிறக்கவில்லை, இடம் மாறியிருக்கிறது. சாலை போன ஊர்களை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

இன்னொரு சிக்கல், வளர்கிற ஊருக்குத்தான் பெரும்பாலும் சாலை போகிறது. சாலையால் வளர்ந்ததா, வளர்ந்ததால் சாலை வந்ததா? இதைப் பிரிக்க இந்தியாவில் ஓர் அரசு விதியே கைகொடுத்தது. 2000இல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் முதலில் 1,000 பேருக்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கும், அடுத்து 500 பேருக்கு மேற்பட்டவற்றுக்கும் முன்னுரிமை. 490 பேர் உள்ள ஊருக்கும் 510 பேர் உள்ள ஊருக்கும் வேறென்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடும்? இந்த எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த ஊர்களைப் பொருளியலாளர்கள் சாம் ஆஷரும் பால் நோவோசாட்டும் ஒப்பிட்டார்கள். ஆய்வகத்தில் செய்ய முடியாத சோதனையை, யாரோ ஓர் அதிகாரி எழுதிய எண் செய்து வைத்திருந்தது!

2020இல் வெளியான முடிவு: சாலை வந்த ஊர்களில் கணிசமானவர்கள் விவசாயத்தை விட்டு வேறு வேலைக்குப் போனார்கள். போக்குவரத்து வசதி கூடியது. விளைச்சலிலும் வருமானத்திலும் சொத்திலும் பெரிய மாற்றம் தென்படவில்லை.