நாடக உடையின் முதல் ஓவியம்

நாடகம் முடிந்ததும் திரை விழுகின்றது. உடைகளோ நாளடைவில் கிழிந்தும் நிறம் மங்கியும் மறைகின்றன. பின்னர் அந்நாடகத்தின் தோற்றத்தை நாம் எங்ஙனம் அறிவது? உடை தைப்பதற்கு முன் ஓவியர் வரைந்து கொடுத்த தாளே சான்றாகும்.

இங்கிலாந்தில் 1605ஆம் ஆண்டு முதல் அரசவைக் கூத்துகளுக்கு உடை வகுத்தவர் இனிகோ ஜோன்ஸ். அவர் வரைந்த ஓவியங்கள் பல சாட்ஸ்வொர்த் மாளிகையில் இன்றும் உள்ளன.

எல்லாத் தாள்களுக்கும் அந்நற்பேறு வாய்ப்பதில்லை. தையற்காரருக்கு எழுதிய குறிப்பும் ஒட்டிய துணித்துண்டும் கொண்ட அவற்றை, வேலை முடிந்தபின் குப்பையென எறிந்தோர் பலர்.

1954இல் இலண்டனில், தியாகிலெவின் ருஷ்ய நடனக் குழுவைப் பற்றிய கண்காட்சி நடைபெற்றது. அங்கு உடை ஓவியங்களைக் கண்டு மனம் பறிகொடுத்த இளைஞர் நிகிதா லோபனோவ்-ரொஸ்தோவ்ஸ்கி, பின்னர்த் தம் மனைவியாருடன் அத்தகைய ஓவியங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். அத்தொகுப்பு 2013இல் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நாடக, இசை அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது.

சேர்ப்போர் தாளின் ஓரத்தைக் கத்தரித்தல் ஆகாது. எந்த நடிகர், எந்தக் காட்சி என்பதை உரைப்பது ஓரக் குறிப்பே அன்றோ? வெயில் படும் சுவரில் மாட்டுதலும் ஆகாது. நீர்வண்ணம் ஒளியில் வெளிறும்.

என் பள்ளி ஆண்டுவிழா நாடகத்திற்கு ஓவிய ஆசிரியர் வரைந்த தாள்களைப் பழைய தாளோடு எடைக்குப் போட ஒருமுறை நானே இசைந்தேன். அரசன் அணிந்த அங்கியின் நிறம் யாது என இன்று எவரேனும் வினவினால், என்னிடம் விடை இல்லை. மாணவர்களே, உங்கள் பள்ளியின் தாள்களை நீங்களேனும் காத்து வையுங்கள்.