ஈரடியும் மூவடியும்

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனுக்குத் தெற்கே அல்சூர் ஏரி உள்ளது. அதன் அருகே திருவள்ளுவர் சிலை நிற்கிறது. மொழிப் பிணக்கின் காரணமாக அச்சிலை 18 ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடப்பட்டிருந்தது. 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் அது திறக்கப்பட்டது. நான்கு நாள்களுக்குப் பின், கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டது.

வள்ளுவர் தாம் கண்ட வாழ்க்கை நெறியை ஈரடிக் குறட்பாக்களில் உரைத்தார். சர்வக்ஞர் மூவடித் திரிபதிகளில் பாடினார். இருவரும் தம் நெறியைத் தம் சொற்களால் சுருங்கக் கூறினர்.

வாழ்க்கை நெறி என்பது மனப்பாடம் செய்து பெறுவதன்று. தம் செயல்களை உற்றுநோக்கி அறிவது. வகுப்பில் ஒருவரைப் பலர் ஏளனம் செய்தபோது தாம் யார் பக்கம் நின்றார்? அண்டை வீட்டார் பேசும் மொழியை மதித்தாரா? இவ்வினாக்களுக்கு உண்மையான விடை காணும் மாணவர் தம் நெறியைக் கண்டறிவார்.

பின்னர் அதனை ஓரிரு வரிகளில் எழுதுதல் வேண்டும். நீண்ட பேச்சில் தெளிவின்மை மறைந்துகொள்ளும். குறுகிய வரியில் அது வெளிப்பட்டுவிடும்.

எழுதிய நெறியின்படி நடப்பதே இறுதிப் படி. பிணக்குற்றிருந்த இரு மாநிலங்கள், ஒன்றன் புலவரை மற்றொன்று போற்றியதும் அத்தகைய செயலே ஆகும்.