பார்கின்சன் நோய்: விழுந்த பிறகு வராதீர்கள்

பார்கின்சன் நோயாளிகள் பலர் நடைப் பயிற்சிக்கு வந்து சேர்வது, கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான். கை நடுங்கினால் மாத்திரைக்கு வருகிறார்கள். கால் தடுமாறினால் ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறார்கள். இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. மெய்நிகர் காட்சிக் கருவியால் இந்த நோய் குணமாகிறது என்று காணொளியில் பார்த்துவிட்டு, அதை வாங்கிப் பெரியவர்களுக்கு மாட்டிவிடுகிறார்கள். மெய்நிகர் பயிற்சியால் பலன் உண்டு. ஆனால் அது விழுவதற்கு முன்பே, மருந்தோடு சேர்த்து, மேற்பார்வையில் நடக்க வேண்டும்.

மாத்திரை எட்டாத இடம்

பார்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரை உடல் விறைப்பையும் மந்தத்தையும் நன்றாகவே குறைக்கும். சமநிலை குலைந்து விழுவதை அந்த அளவுக்குத் தடுக்காது. மற்றவர்களுக்கு நடை தானாக வருகிறது. பார்கின்சன் நோயாளிகளோ ஒவ்வொரு அடியையும் நினைத்து எடுத்துவைக்க வேண்டும். நடக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தாலே கால் பின்னும். வாசற்படியில் பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடும். அப்படி நின்றுபோனவரே, தரையில் கோடுகள் போடப்பட்டிருந்தால் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்துவிடுவார். கண்ணுக்குக் கிடைக்கும் இந்தக் குறிப்பையும், கவனத்தைப் பகிர்ந்துகொண்டே நடக்கும் பழக்கத்தையும்தான் மெய்நிகர் பயிற்சி ஒன்றாகத் தருகிறது.

ஆய்வுகள் சொல்வது

2016இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வில் ஐந்து நாடுகளைச் சேர்ந்த, ஏற்கெனவே அடிக்கடி விழுந்துகொண்டிருந்த 302 முதியவர்கள் பங்கேற்றார்கள். பார்கின்சன் நோயாளிகளும் அவர்களில் இருந்தார்கள். வாரம் 3 முறை, 6 வாரங்களுக்கு ஒரு பிரிவினர் டிரெட்மில்லில் மட்டும் நடந்தார்கள். மறுபிரிவினர் எதிரே திரையில் தெரிந்த தடைகளைத் தாண்டியபடி நடந்தார்கள். அடுத்த 6 மாதங்களில், திரையோடு பயின்றவர்கள் விழுந்த எண்ணிக்கை சராசரியாக 11.9இலிருந்து 6 ஆகக் குறைந்தது. மற்றவர்களுக்கு 10.7இலிருந்து 8.3 ஆனது. அதே ஆண்டு வந்த காக்ரேன் மறுஆய்வு 8 சிறிய ஆய்வுகளைத் தொகுத்து, காலடி நீளம் கூடுவதைத் தவிர மற்றவற்றில் மெய்நிகர் பயிற்சி வழக்கமான பிசியோதெரபிக்குச் சமமே என்றது. அப்படியானால் இவ்வளவு செலவு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கருவி கிடைக்காதவர் ஏங்க வேண்டாம். வழக்கமான பயிற்சியை விடாமல் செய்தால் போதும். கருவி கிடைப்பவருக்கு, வண்டி வராத இடத்தில் நின்றே தெருவைக் கடந்து பழகும் வாய்ப்பு கிடைக்கிறது.

ஆபத்தான நம்பிக்கைகள்

‘கருவி இருந்தால் மாத்திரை வேண்டாம்’ என்பது முதல் தவறு. லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ‘வீட்டிலேயே மாட்டிக்கொண்டால் போதும்’ என்பது அடுத்தது. ‘லான்செட்’ ஆய்வில் இருந்தது எதிரே ஒரு திரை. கண்ணை முழுவதும் மூடும் கருவி அல்ல. சுற்றியிருப்பது தெரியாமல், பிடிக்க ஆளில்லாமல் நின்றால் விழத்தான் செய்வார். இல்லாத உருவங்கள் தெரிபவர்களுக்கும், எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்குபவர்களுக்கும் மருத்துவரைக் கேட்காமல் இதைக் கொடுக்கவே கூடாது. ‘பூனைக்காலிப் பொடி இயற்கையானது, கெடுதல் செய்யாது’ என்கிறார்கள். அந்த விதையில் இருப்பதும் லெவோடோபாதான்! அளவு தெரியாமல் மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் வாந்தி, தன்னிச்சையான உடலசைவு, மனக்குழப்பம் எல்லாம் வரலாம். கடையில் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் தலைசுற்றல் மாத்திரையும் லேசுப்பட்டதல்ல. சின்னரிசின் போன்றவை பார்கின்சன் அறிகுறிகளையே உண்டாக்கக்கூடியவை. மருந்துக்கடைக்காரர் மருத்துவர் இல்லை என்பதை எத்தனை முறை சொல்வது?

பரிசோதனை

நரம்பியல் மருத்துவர் நேரில் பார்த்தே நோயைக் கண்டறிவார். ஸ்கேன் தேவையென்றால் அவரே சொல்வார்.

தயவுசெய்து கேளுங்கள்

நடையில் கை வீச்சு குறைந்தாலோ, காலடி சிறுத்தாலோ, திரும்பும்போது தடுமாறினாலோ அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரைச் சீட்டு வாங்கும்போதே பிசியோதெரபிக்கும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்தில், பக்கத்தில் ஆள் இருக்க, பயிற்சி செய்யுங்கள். கொஞ்சம் தேறியதும் நிறுத்திவிடாதீர்கள். விட்டால் பலனும் போய்விடும். வீட்டில் இருப்பவர்களே, பெரியவர் நன்றாக நடக்கும் நாளிலேயே அவரைப் பயிற்சிக்கு அழைத்துவாருங்கள். எலும்பு முறிந்த பிறகு, பழைய நடையைத் திருப்பித் தர எந்தக் கருவியாலும் உறுதி சொல்ல முடியாது.