தீப்பெட்டி ஆபீசிலிருந்து டில்லிக்கு

கேஸ் அடுப்புக்கு லைட்டர் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் சாமி விளக்கு ஏற்றத் தீக்குச்சிதானே கிழிக்கிறோம்? அப்படிக் கிழிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் மதினியின் விரல்கள்தான் ஞாபகத்துக்கு வரும். இருபது வருஷத்துக்கு மேல் கட்டை அடுக்கிய விரல்கள் அவை. நுனியெல்லாம் வழுவழுப்பாகித் தேய்ந்திருக்கும்.

வெளியூர்ச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. எங்கள் கோவில்பட்டிப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. "தீப்பெட்டி ஆபீசு" என்பார்கள். காலையில் தூக்குவாளியோடு போகிற பெண்களைக் கேட்டால், "ஆபீசுக்குப் போறேன்" என்பார்கள். புதிதாக வந்தவர்கள் ஏதோ கலெக்டர் ஆபீஸ் உத்தியோகம் என்று நினைத்துக்கொள்வார்கள்! கரிசல் காட்டில் மழை பெய்தால்தான் வெள்ளாமை. பருத்தியும் கம்பும் உளுந்தும் ஒரு போகம் முடிந்தால் மிச்ச மாதங்களுக்கு வீட்டில் உலை கொதிக்க இந்த ஆபீசுதான் கதி. நானும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மாவோடு திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டியவள்தான். பசை காய்ந்த கையோடு பரீட்சைக்குப் படித்திருக்கிறேன்.

2022-ம் வருஷம் ஒருநாள் சாயங்காலம் மதினி வந்து வாசல்படியில் உட்கார்ந்தார். முகமே சரியில்லை.

"இந்த வாரமும் நாலு நாளுதான் வேலையாம். சரக்கு தேங்கிக் கெடக்காம். எல்லாரும் அந்தப் பிளாஸ்டிக் லைட்டரைத்தான் வாங்குதாகளாம்."

நம் அடுப்படி லைட்டரை அவர் சொல்லவில்லை. பெட்டிக்கடையில் சரம் சரமாய்த் தொங்குகிறதே, பத்து ரூபாய்க்கு வாங்கி, தீர்ந்ததும் குப்பையில் எறிகிற சிகரெட் லைட்டர், அது. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து இறங்கியது. ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டியின் வேலையைச் செய்துவிடும் என்பது கணக்கு. அந்த வருஷம் செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் இதைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியபோது இந்தக் கணக்கையும் சொல்லியிருந்தார். இத்தனைக்கும் அதற்கு முந்தின வருஷம், 2021 டிசம்பரில்தான், பதினாலு வருஷம் கழித்துத் தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆகியிருந்தது. இனி நல்ல காலம் என்று மதினி நினைத்திருந்தார், பாவம்!

"மனு எழுதிப் போடுவோமே மதினி" என்றேன்.

"நாம சொல்லி யாரு கேக்கப் போறா? நமக்கு எம்.பி.யும் எதிர்க்கட்சி, எம்.எல்.ஏ.வும் எதிர்க்கட்சி!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் சொன்னது சரிதான். கோவில்பட்டி சட்டமன்றத் தொகுதி தூத்துக்குடி நாடாளுமன்றத் தொகுதியில் சேர்ந்தது. 2019-ல் அங்கே ஜெயித்தவர் தி.மு.க.வின் கனிமொழி. டில்லியில் அவர் கட்சி எதிர்வரிசை. 2021 தேர்தலில் கோவில்பட்டியில் மறுபடியும் ஜெயித்தவர் அ.தி.மு.க.வின் கடம்பூர் ராஜு. சென்னையில் அவர் கட்சி எதிர்வரிசை. இரண்டு வாசலிலும் நம் ஆள் வெளித்திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பது மதினியின் கவலை.

ஆனால் இது எங்கள் ஊருக்குப் புதிதா என்ன? என் மாமியார் காலத்து ஆட்கள் இன்றைக்கும் சோ. அழகர்சாமி பெயரைச் சொல்வார்கள். இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், கதிர் அரிவாள் சின்னம். 1967, 1971, 1977, 1980, 1989 என்று கோவில்பட்டி அவரை ஐந்து தடவை சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அவர் மந்திரியானதில்லை. அவர் கட்சி தமிழ்நாட்டில் ஒருநாளும் மந்திரிசபையில் இருந்ததும் இல்லை. மந்திரியாக முடியாது என்று தெரிந்தே ஒரு ஊர் ஒருவரை ஐந்து முறை அனுப்பியிருக்கிறதென்றால், நமக்காகப் போய்க் கேட்கிற வாய் ஒன்று வேண்டும் என்றுதானே அர்த்தம்?

உத்தரவு போடுவது ஆளுகிறவர்கள் கையில் இருக்கிறது. எதிர்வரிசைக்காரரால் அது முடியாது. ஆனால் கேள்வி கேட்கலாம், பதில் சொல்ல வைக்கலாம். அந்தப் பதில் அச்சாகி நிற்கும். பிறகு மறுத்துப் பேச முடியாது. நம் வீட்டிலும் அப்படித்தானே? சாவி மாமியார் இடுப்பில் இருக்கலாம். "போன மாசச் சீனி எங்கே போச்சு?" என்று நாலு பேர் முன்னால் மருமகள் கேட்டுவிட்டால் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்! இன்னொரு வேடிக்கை, மந்திரியாக இருக்கிறவர் கேள்வி நேரத்தில் கேள்வி கேட்க முடியாது. அவர் பதில் மட்டும்தான் சொல்லலாம்.

மக்களவை கூடுகிற நாட்களில் காலை பதினொரு மணிக்குக் கேள்வி நேரம். நட்சத்திரம் போட்ட கேள்வி என்றால் மந்திரி எழுந்து வாயால் பதில் சொல்லவேண்டும். அந்தப் பதிலிலிருந்தே துணைக் கேள்வியும் கேட்கலாம். ஒரு நாளைக்கு இருபது கேள்விதான் அப்படி எடுத்துக்கொள்வார்கள். நட்சத்திரம் இல்லாத கேள்வி 230 வரை, அதற்கு எழுத்தில் பதில் வரும். இவற்றுக்கெல்லாம் பதினைந்து நாள் முன்னாலேயே எழுதிக் கொடுக்கவேண்டும். பன்னிரண்டு மணிக்குப் பூஜ்ய நேரம். அவசரமானதை அன்று காலையிலேயே சீட்டுக் கொடுத்துப் பேசலாம். இது தவிர 377-வது விதி என்று ஒன்று உண்டு. தொகுதிக் குறையை 250 சொற்களுக்குள் எழுதி வைக்கவேண்டும். 250 சொற்கள் என்பது நாம் அக்காவுக்கு எழுதுகிற இன்லண்ட் லெட்டரில் பாதிகூட வராது! ஆகையால் நம் மனுவும் சுருக்கமாக, விஷயத்தோடு இருந்தால்தான் அங்கே போய்ச் சேரும்.

இது எங்களுக்கு அப்போது தெரியாது. தெருப்பெண்கள் பதினோரு பேர் கூடி, என் மகளின் நோட்டைக் கிழித்து நாலு பக்கம் எழுதினோம். லைட்டரில் தொடங்கினோம். ஒருத்தி சாக்கடையைச் சேர்க்கச் சொன்னாள். இன்னொருத்தி ரேஷன் பருப்பு. எதிர்வீட்டு ஆச்சி, "தண்ணி பத்தியும் எழுதுளா" என்றாள். கோவில்பட்டிக்காரிக்குத் தண்ணீரைப் பற்றி எழுதாமல் கை ஓயுமா? சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வந்து சேர்வதற்குள் குடங்களை வரிசையில் போட்டுத் தூங்காமல் கிடந்த ராத்திரிகளை நாங்கள் மறக்கவில்லை.

அந்த நாலு பக்கத்தையும் பழைய தொழிற்சங்கப் பெரியவர் ஒருவரிடம் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முழுக்கப் படித்தார்.

"தாயி, சாக்கடைய டில்லில போயி யாரு கேப்பா? சாக்கடை நகராட்சிக்கு. ரேஷன் சென்னைக்கு. லைட்டர் கப்பல்ல வாரது, அதுதான் டில்லி. வேற வேறயா எழுதுங்க. அழுகைய கொறைங்க, கணக்க எழுதுங்க."

கொஞ்சம் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால் நியாயமாகப் பட்டது. டாக்டரிடம் போய் "உடம்பெல்லாம் வலிக்குது" என்று அழுதால் அவர் என்ன மருந்து எழுதுவார்? எங்கே, எப்போதிலிருந்து என்று சொன்னால்தானே? அயர்லாந்து நாட்டில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தொகுதியில் உட்கார்ந்து குறை கேட்பதற்கே "கிளினிக்" என்றுதான் பெயராம். பொருத்தமான பெயர்!

மறுபடி எழுதினோம். ஒரே பக்கம். பதினோரு பேர், முந்தி வாரம் ஆறு நாள் வேலை, இப்போது நாலு நாள். எங்கள் ஒரு தெருவுக்கு மட்டும் வாரம் இருபத்திரண்டு நாள் கூலி போச்சு. எந்த மாதத்திலிருந்து, என்ன கேட்கிறோம், எந்த மந்திரி செய்யவேண்டியது என்று வரிசையாக எழுதித் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டோம். மதினி கைநாட்டு வைக்காமல் நிறுத்தி நிறுத்திப் பெயரை எழுதினார். நகல் எடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் பத்திரப்படுத்தினேன்.

தீப்பெட்டிப் பெண்கள் பார்லிமென்ட் வாசலுக்குப் போன கதை பழசு. நம் அடையாறு அன்னி பெசன்ட் அம்மையாரை எல்லோருக்கும் தெரியும். அவர் 1893-ல் இந்தியாவுக்கு வருவதற்கு முன்னால் லண்டனில் இருந்தார். 1888 ஜூன் மாதம், அங்கே பெரிய தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றில் பெண்கள் படும் பாட்டைத் தம் பத்திரிகையில் எழுதினார். கால் அழுக்காக இருந்தால் அபராதம், பேசினால் அபராதம். அதைவிடக் கொடுமை, அவர்கள் கையாண்ட வெள்ளைப் பாஸ்பரஸ் தாடை எலும்பையே அழுகச் செய்துவிடும். ஜூலையில் சுமார் 1,400 பெண்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் அயர்லாந்துக் குடும்பத்துப் பெண்கள் ஏராளம். பெசன்ட் அவர்களில் சிலரைக் கூட்டிக்கொண்டு பார்லிமென்டுக்கே போய் உறுப்பினர்களைச் சந்திக்க வைத்தார். எதிர்வரிசையில் இருந்த சார்லஸ் பிராட்லா என்பவர் சபையில் கேள்வி கேட்டார். அந்த மாதமே அபராதங்கள் ஒழிந்தன, சங்கமும் அமைந்தது.

இந்த பிராட்லா யார் தெரியுமா? நம் நாட்டுக் குறைகளையும் அங்கே எழுப்பிக்கொண்டிருந்ததால் "இந்தியாவுக்கான உறுப்பினர்" என்றே பெயர் வாங்கியவர். இங்கே ஒருவர்கூட அவருக்கு ஓட்டுப் போட்டதில்லை! 1891-ல் அவர் இறந்தபோது லண்டனில் படித்துக்கொண்டிருந்த காந்திஜி இறுதிச் சடங்குக்குப் போயிருக்கிறார். வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிக்கு இந்தியாவில் 1913-ல் சட்டம் போட்டுத் தடை விதித்தார்கள். இன்று நம் வீட்டுத் தீப்பெட்டியின் பக்கவாட்டில் இருப்பது ஆபத்தில்லாத சிவப்புப் பாஸ்பரஸ். அப்படியும் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள், அது வேறு விஷயம்.

எங்கள் கதைக்கு வருகிறேன். 2023 ஜூன் கடைசியில், இருபது ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள சிகரெட் லைட்டர்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை போட்டது. எங்கள் ஒரு பக்க மனுவால் என்று மார்தட்டிக்கொள்ள மாட்டேன். தீப்பெட்டி உற்பத்தியாளர்களும் தொழிற்சங்கங்களும் மாநில அரசும் பல கட்சிக்காரர்களும் சேர்ந்து இழுத்த தேர் அது. நாங்களும் வடத்தில் ஒரு பிடி பிடித்தோம், அவ்வளவுதான்.

மதினி அன்றைக்கு முறுக்கு சுட்டுக் கொண்டுவந்தார். ஆனால் மூன்று நான்கு மாதம் கழித்தும் பெட்டிக்கடையில் சரம் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. முழு லைட்டருக்குத்தானே தடை? பாகம் பாகமாகக் கொண்டுவந்து இங்கே மாட்டி விற்கிறார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கதவைச் சாத்தினால் ஜன்னல் வழியாக வருகிற பூனை மாதிரி! சலிப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் ரசீதும் நகலும் இருந்ததால் மறுபடி எழுதுவது சுலபமாக இருந்தது. "இன்ன தேதியில் எழுதியிருந்தோம், தடை வந்தது, ஆனாலும் இப்படி நடக்கிறது" என்று மூன்றே பத்தி. 2024 அக்டோபரில் பாகங்களை இறக்குமதி செய்யவும் தடை வந்தது.

உறுப்பினருக்குத்தான் எழுதவேண்டும் என்பதில்லை. மக்களவைக்கே மனுப் போடலாம். உறுப்பினர் ஒருவர் மேலொப்பம் வைத்துச் சபையில் தரவேண்டும். மனுக்கள் குழு அதைப் பார்க்கும். சட்டமன்றத்திலும் மனுக்கள் குழு உண்டு.

போன வாரம் மதினி வந்தபோது அந்த நோட்டைக் கேட்டார். புதுப் பக்கத்தில் தானே தலைப்புப் போட்டார்: "ஆபீசில் குடிதண்ணி, கக்கூஸ்." எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது டில்லியா, சென்னையா?"

"தொழிற்சாலை ஆய்வு மாநில அரசு கையில், மதினி. சென்னை."

"அப்போ எம்.எல்.ஏ.வுக்கு" என்று சொல்லிவிட்டு, எத்தனை பெண்களுக்கு எத்தனை கக்கூஸ் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.