தமிழர் இல்லங்களில் பூச்சித் தடுப்பு மரபு: செயல்முறையும் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

தானியம், துணி, ஏடு, உறைவிடம் ஆகியவற்றைப் பூச்சிகளிடமிருந்து காக்கும் பல வழக்கங்கள் தமிழர் இல்லங்களில் நெடுங்காலமாக நிலவி வருகின்றன. இவற்றைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் வேம்பு, வசம்பு, நொச்சி போன்ற மூலிகைகளையே முதன்மைப்படுத்துகின்றன. உலர்த்துதல், மூடுதல், பூசுதல், துப்புரவு செய்தல் ஆகியனவே இம்மரபின் அடித்தளம் என்பதையும், மூலிகைகள் அவற்றுக்குத் துணை நிற்பனவே என்பதையும் பூச்சிகளின் வாழ்முறையோடு பொருத்தி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குதிர், செம்மண் கட்டுதல், வசம்பு, வேம்பு, அந்து, மரபறிவு.

முன்னுரை

வீட்டுப் பூச்சிகளை எதிர்கொள்வதில் இன்று இரு போக்குகள் காணப்படுகின்றன. ஒன்று, கடையில் கிடைக்கும் நஞ்சை உடனடியாக நாடுவது. தானியக் கிடங்குகளுக்கு உரிய அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரத்தோடு சேரும்போது பாஸ்பீன் வளியை வெளியிடும். அவ்வளிக்கு முறிமருந்து இல்லை. மனிதர் உறங்கும் வீட்டில் அதனை வைப்பது உயிருக்கே இறுதியாகும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை கல்லீரலைச் சிதைக்கும். துணிகளுக்கிடையே இடப்படும் நாப்தலீன் உருண்டையும், குறிப்பிட்ட நொதிக் குறைபாடு உடைய குழந்தைகளுக்குச் சிவப்பணுச் சிதைவை உண்டாக்கக்கூடும்.

மற்றொன்று, முன்னோர் பயன்படுத்திய எதுவாயினும் பயன் தரும், தீங்கு செய்யாது என்று கொள்வது. இவ்விரு போக்குகளும் ஒரு வினாவை எழுப்பாமல் கடந்து செல்கின்றன. குறிப்பிட்ட வழக்கம் எந்தப் பூச்சியை, எவ்வாறு தடுக்கிறது என்பதே அவ்வினா.

பயறும் செம்மண்ணும்

துவரை முதலிய பயறுகளைச் செம்மண் குழம்பில் புரட்டி, வெயிலில் உலர்த்திச் சேமிப்பதைச் 'செம்மண் கட்டுதல்' என்பர். பயற்றைத் தாக்கும் வண்டு தன் முட்டையை விதையின் மேற்பரப்பில் ஒட்ட வைக்கிறது. முட்டையிலிருந்து வரும் புழு, முட்டை ஒட்டியுள்ள இடத்திலேயே துளையிட்டு விதைக்குள் புகுகிறது. முட்டை ஒட்டுவதற்கு வழவழப்பான விதைப்பரப்பு ஏற்றதாக உள்ளது. மண் பூச்சு அப்பரப்பை மறைத்துவிடுகிறது. நுண்ணிய மண்துகள் வண்டின் மேலுறையிலுள்ள மெழுகுப் படலத்தைச் சிதைத்து, அதன் உடல் ஈரத்தை இழக்கச் செய்வதும் உண்டு. செம்மண் கட்டுதல் தோல் எளிதில் நீங்கவும் உதவுகிறது. இவ்வண்டு முழுப் பயற்றையே விரும்புவதால், உடைத்த பருப்பு அதன் தாக்குதலுக்குக் குறைவாகவே உள்ளாகிறது.

பயற்றின் மீது ஆமணக்கு எண்ணெயைச் சிறிதளவு தடவி வைக்கும் வழக்கமும் இத்தகையதே. எண்ணெய்ப் படலம் முட்டைக்குக் காற்றுப் புகாதவாறு தடுக்கிறது. இவ்விரு முறைகளிலும் மணத்திற்கு இடமில்லை; மேற்பரப்பை மாற்றுவதே செயல்முறை. வண்டு வயலிலேயே காய்களில் முட்டையிடத் தொடங்கிவிடும் என்பதால், விதைக்குள் முன்னரே புகுந்த புழுவை மேற்பூச்சு மட்டும் அழித்துவிடாது. பூச்சுக்குப் பின் உலர்த்துவது இன்றியமையாததாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

குதிரும் வெயிலும்

கோடை நண்பகலில் மெல்லிய படலமாகப் பரப்பிய தானியத்தின் வெப்பம் 50 பாகை செல்சியசை எட்டக்கூடும். அவ்வெப்பத்தில் சேமிப்புப் பூச்சிகள் நெடுநேரம் உயிர் வாழ இயலாது. மேலும், ஈரம் குறைந்த தானியத்தில் அவற்றின் பெருக்கம் மந்தமடைகிறது. கட்டிலையும் பாயையும் வெயிலில் இட்டு, கட்டிலின் இடுக்குகளில் கொதிநீர் ஊற்றி மூட்டைப்பூச்சியை அழித்த வழக்கத்திற்கும் வெப்பமே அடிப்படை.

உலர்ந்த தானியம் குதிரைச் சென்றடைகிறது. சுட்ட மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பொருத்துவாய்களை மண்ணும் சாணமும் குழைத்துப் பூசி, மேல்வாயை மூடி, நெல்லை எடுப்பதற்கு அடிப்புறத்தில் அடைப்புடன் கூடிய சிறுதுளை வைத்து அமைக்கப்படுவது குதிர். காற்றோட்டம் தடைப்பட்ட கலத்தில் பூச்சிகள் தாம் உயிர்க்கும் காற்றிலுள்ள ஆக்சிசனைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. கலம் நிறைந்திருந்தால் உள்ளிருக்கும் காற்றின் அளவு குறைவாதலால் இவ்விளைவு விரைந்து நிகழும். குதிர் முழுமையான காற்றுத்தடுப்பு உடையதன்று. எனினும், இன்று பரவிவரும் காற்றுப் புகாச் சேமிப்புப் பைகள் இதே நெறியைத்தான் நிறைவாகச் செயற்படுத்துகின்றன.

குதிரின் அடிப்பகுதியைத் தரையினின்று உயர்த்தி அமைப்பது நிலத்தின் ஈரத்தையும் கறையானையும் விலக்குகிறது. சுண்டெலி ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் இடைவெளியிலும் நுழைந்துவிடும். ஆதலால், துளைகளை அடைப்பதே எலித் தடுப்பின் முதற்படி. சாணத்தாலும் மண்ணாலும் தரையை மெழுகும் வழக்கத்தில் ஐயமின்றிச் சுட்டத்தக்க பயன், வெடிப்புகள் அவ்வப்போது மூடப்படுவதே ஆகும்.

மூலிகைகளின் இடம்

வேம்பின் செயலாற்றல் ஆய்வுகளால் உறுதிப்பட்ட ஒன்று. 1968இல் பிரித்தெடுக்கப்பட்ட அசாடிராக்டின் என்னும் சேர்மம், பல பூச்சிகளின் உணவு நாட்டத்தைத் தடுப்பதோடு அவற்றின் தோலுரிப்பையும் குலைக்கிறது. ஆயினும், இச்சேர்மம் மிகுதியாக இருப்பது இலையில் அன்று, விதைப்பருப்பிலேயே. வெயில் பட்டால் அது விரைவில் சிதைந்துவிடும். எனவே, அரிசிப் பானையில் இட்ட சில வேப்பிலைகளுக்கு வேப்பெண்ணெயின் ஆற்றலை ஏற்றிக் கூறுவது பொருந்தாது.

வசம்பிலுள்ள பீட்டா-அசரோன் பூச்சிகளின் இனப்பெருக்கத்தைத் தடுக்க வல்லது. சுவடிக் கட்டுகளின் இடையே வசம்புப் பொட்டலம் வைக்கும் முறை இதனால் பொருள் பெறுகிறது. அதே வேளையில், எலிகளுக்கு நெடுநாள் ஊட்டிய ஆய்வுகளில் இச்சேர்மம் கட்டிகளை உண்டாக்கியமையால், அமெரிக்காவில் 1968 முதல் வசம்பு உணவில் சேர்ப்பதற்கு விலக்கப்பட்டுள்ளது. ஆகவே, வசம்பைத் துணியில் முடிந்து வைப்பது வேறு. பொடித்துத் தானியத்தோடு கலப்பது வேறு.

நொச்சி, வேம்பு ஆகியவற்றின் புகை கொசுக் கடியைச் சற்று நேரம் குறைக்கலாம்; அப்புகை நுரையீரலுக்கு நல்லதன்று. அது கொசுவின் பிறப்பிடத்தைத் தொடுவதுமில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிசு கொசு பகலில் கடிப்பது. வீட்டைச் சுற்றியுள்ள கலங்களில் தேங்கும் நீரில் பெருகுவது. அதன் முட்டைகள் கலத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரின்றியும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். எனவே, வாரம் ஒருமுறை நீரைக் கொட்டிக் கலத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுவதே உரிய தடுப்பு. எறும்பும் இதே பாடத்தைத் தருகிறது. அது தன் இனம் இட்டுச் சென்ற மணத்தடத்தைப் பின்பற்றி வருகிறது. சோப்பு நீரால் தடத்தைத் துடைத்து, சிந்திய உணவை அகற்றினால் வரிசை கலைந்துவிடும்.

இலக்கியச் சான்றுகளைக் கையாளுதல்

வீட்டில் வேம்பு செருகப்படுவதையும், ஐயவி தூவப்படுவதையும், நறும்புகை எழுப்பப்படுவதையும் புறநானூற்றின் 281ஆம் பாடல் காட்டுகிறது. இதனைப் பழந்தமிழரின் கிருமித் தடுப்பு அறிவுக்குச் சான்றாகக் கொள்வோர் உளர். ஆனால், போரில் புண்பட்டவனைக் காக்கும் சடங்காகவே பாடல் அச்செயல்களை அமைக்கிறது. வேம்பு இல்லத்தில் வைக்கப்பட்டது என்பதற்கு அது உறுதியான சான்று. பூச்சிக்காக வைக்கப்பட்டது என்பதற்குச் சான்றன்று. ஏணி எட்டாத உயரமும், மேற்புறம் திறந்து தானியம் பெய்யும் அமைப்பும் கொண்ட பழைய நெற்கூடுகளைப் பெரும்பாணாற்றுப்படை வருணிக்கிறது. சேமிப்புத் தொழில்நுட்பத்தை ஆராய்வோர்க்கு இவ்வருணனையே நேரடிப் பயன் உடையது. சொல்லும் சான்றாகலாம். நாப்தலீன் உருண்டை தமிழில் 'அந்துருண்டை' எனப் பெயர் பெற்றது. அந்து என்னும் பூச்சிப்பெயர் புதிய வேதிப்பொருளின் பெயரிலும் நிலைத்திருப்பதை இது காட்டுகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், பூச்சிக்கு உணவு, ஈரம், நுழைவாயில், முட்டையிடும் இடம் ஆகியவற்றை மறுப்பதே தமிழர் இல்லப் பூச்சித் தடுப்பின் மையம் என்பது பெறப்படுகிறது. உலர்த்தாத தானியத்தில் இட்ட வசம்போ, தேங்கிய நீருக்கு அருகில் எழுப்பிய நொச்சிப் புகையோ இம்மரபைப் பின்பற்றியதாகாது.

இவ்வழக்கங்களைத் துல்லியமாகப் பதிவு செய்வதன் தேவையை வேப்பெண்ணெய்க் காப்புரிமை வழக்கு உணர்த்துகிறது. வேப்பெண்ணெயால் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் உரிமை வழங்கியது. அம்முறை இந்தியாவில் முன்னரே பயன்பாட்டில் இருந்தது என்னும் சான்று முன்வைக்கப்பட்டதால், 2000இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. 2005இல் மேல்முறையீட்டிலும் அம்முடிவு உறுதியாயிற்று. வேம்பு சிறந்தது என்னும் பொதுப் புகழ்ச்சி அங்கு எடுபட்டிராது. எவ்வாறு பயன்பட்டது என்னும் விவரமே எடுபட்டது. எனவே, களப்பணியில் ஈடுபடும் ஆய்வாளர் தாவரத்தின் பெயரோடு நின்றுவிடாமல், அதன் எப்பகுதி, எவ்வளவு, எப்பருவத்தில், எப்பூச்சிக்கு எதிராக, வேறு எச்செயலோடு சேர்த்துப் பயன்படுகிறது என்பனவற்றையும் குறித்தல் வேண்டும். செம்மண் கட்டிய கைகளும் குதிர் பூசிய கைகளும் குறைந்துவரும் காலத்தில், இப்பதிவு காலந்தாழ்த்தாது செய்யப்பட வேண்டிய பணியாகும்.